எட்டு மில்லிப் பிள்ளைகள்

போடி ஏலக்காய்க் கடைகளில் ஜக்கையனுக்கு ஒரு பேர் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி காயை அள்ளி, உள்ளங்கையில் ரெண்டு தரம் குலுக்கி, "ஏழு மில்லி, அதுல பத்துக்கு ரெண்டு எட்டு" என்பான். பிறகு சல்லடையில் போட்டுப் பார்த்தால் அச்சு அசலாக அப்படியே இருக்கும். எட்டு மில்லிமீட்டர் ஓட்டை போட்ட சல்லடையில் விழாமல் நிற்கிற காய்க்கு ராஜமரியாதை. விழுந்ததற்கு அடுத்த சல்லடை. அதிலும் விழுந்தது கழிவு.

ஆனால் அவனுடைய சோலி அளப்பது இல்லை, காட்டுவது. ஏலத்துக்குப் போகிற ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சாம்பிள் எடுத்துக் கொடுக்கிற ஆள் அவன். மூட்டைக்குள் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுப்பது நியாயம். மூட்டைக்குள் எது லட்சணமாக இருக்கிறதோ அதை எடுப்பது தொழில். நியாயத்துக்கும் தொழிலுக்கும் நடுவில் ஒரு விரற்கடை சந்து இருக்கும். பதினாறு வருஷமாக ஜக்கையன் குடும்பம் நடத்துவது அந்தச் சந்துக்குள்தான்.

அவன் மனைவி செல்லக்கிளி மலையில் காய் எடுக்கிறவள். சிலமலையிலிருந்து விடிகாலை ஐந்தரைக்கு பால்ராஜின் ஜீப்பு கிளம்பும். பதினாலு பெண்கள், பதினாலு தூக்குவாளி, மழைக்குப் போர்த்த உரச்சாக்குக் கொங்காணி. மெட்டு வளைவெல்லாம் ஏறி, மாநில எல்லை கடந்து, பூப்பாறை தாண்டி இறங்கினால், ஏலச்செடியின் தூரில் குத்தவைத்து, சரத்தில் முற்றின காயை மட்டும் விரலால் தடவி எடுக்க வேண்டும். சாரலும் அட்டைக்கடியும் கூலியில் சேர்த்தி. வீடு திரும்ப ஆறு ஆகும்.

ஜீப்பில் சீட்டு என்பது உட்காருகிற இடம் மட்டும் இல்லை. மலையில் வேலை இருக்கிறதா என்றால், ஜீப்பில் சீட்டு இருக்கிறதா என்றுதான் அர்த்தம். சேர்ந்தாற்போல் மூன்று நாள் ஏறாவிட்டால் நாலாம் நாள் அந்த இடத்தில் வேறொருத்தி முழங்கால் இருக்கும். பால்ராஜைக் குற்றம் சொல்ல முடியாது. ஆள் குறைந்தால் தோட்டத்து சூப்பர்வைசர் அவனை மலையாளத்திலேயே திட்டுவார்.

ஐந்தரைக்கு ஜீப்பு, அங்கன்வாடி திறப்பது விடிந்து வெயில் ஏறி. ஜக்கையனும் விடிந்ததும் கடையில் இருக்க வேண்டும். நடுவில் கிடக்கிற நாலு மணி நேரத்துக்குப் பிள்ளையை எங்கே போடுவது? செல்லக்கிளிக்கு மூத்தவள் அனுப்பிரியா, ஆறாம் வகுப்பு. இளையவன் நிலவன், மூன்றரை வயது. நிலவன் கைக்குழந்தையாக இருந்தபோது அனுப்பிரியா நாலு மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பிள்ளை தூக்கி இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தாள்.

பிறகுதான் டிரஸ்டு வந்தது. பெங்களூரில் இருக்கிற ஏதோ அறக்கட்டளை. அதன் முழுப் பேரை ஊரில் யாரும் சொன்னதில்லை, டிரஸ்டு என்றால் போதும். சிறு பிள்ளைகள் படிப்புக்கென்றே பணம் ஒதுக்குகிறவர்கள். மலைக்குப் போகிறவர்கள் கஷ்டத்தை யாரோ எடுத்துச் சொல்ல, காமராஜ் அண்ணனின் பழைய வெங்காயப் பட்டறையில் வெள்ளையடித்து, பாய் விரித்து, மர பொம்மையும் படப் புத்தகமும் கொண்டுவந்து இறக்கினார்கள். சந்திரவல்லி டீச்சருக்கும் ஒரு ஆயாவுக்கும் சம்பளம். காலை ஐந்தேகாலுக்குத் திறப்பு, சாயங்காலம் ஆறரைக்கு அடைப்பு. இரண்டு வருஷமாக அந்த மையத்தில் பதினாறு பிள்ளைகள். அனுப்பிரியா மறுபடி எட்டு மணி பஸ்ஸில் போடிக்குப் படிக்கப் போனாள்.

ஆடி மாதக் கடைசியில், காற்று கூரை ஓடுகளைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு விடியலில், பிள்ளையை வாங்கும்போது சந்திரவல்லி ஜக்கையனிடம் சொன்னாள்.

"அடுத்த வியாழக்கிழம பாக்க வர்றாகளாம் அண்ணே. பிள்ளைகள எடை போட்டு, பேச விட்டுப் பாப்பாகளாம். அதை வச்சுத்தான் அடுத்த மூணு வருசத்துக்கு உண்டா இல்லையான்னு முடிவு."

ஜக்கையனுக்கு அந்த நிமிஷமே கை அரித்தது. பார்க்க வருகிறார்கள் என்றால் அது அவன் துறை.

அன்றைக்குச் சாயங்காலமே காமராஜ் அண்ணன் வீட்டு முற்றத்தில் போய் நின்றான். காமராஜுக்குத் தோட்டம் துரவு உண்டு, மையத்தின் கமிட்டித் தலைவர் வேறு. தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். சந்திரவல்லியும் கூட வந்திருந்தாள்.

"அண்ணே, பதினாறு பிள்ளைகள்ல ஏழு தேறாது," என்றான் ஜக்கையன்.

"என்னடா தேறாது? பரிச்சையா எழுதப் போகுதுக?"

"எடையில்ல. பேச்சு வரல. ஒண்ணு ஆளக் கண்டா பாய்க்கு அடியில போயிருது. மொத லாட்டக் கொட்டுனதும் வியாபாரி மொகம் கோணுச்சுன்னா அப்புறம் எம்புட்டு நல்ல சரக்கக் கொட்டுனாலும் வெல ஏறாதுண்ணே."

"அதுக்கு?"

"வேன்ல போடிக்கு இங்கிலீசுப் பள்ளிக்கூடம் போகுதுல, உங்க பேரன், தபால்காரர் மகன், மருந்துக்கடைப் பிள்ளைக ரெண்டு... அதுகள்ல ஏழ ஒருநாளைக்கு எறவல் குடுங்க."

காமராஜ் கையில் இருந்த தேங்காய் அப்படியே நின்றது. "எறவலா? என்னடா, அரிவாமணையா கேக்குற?"

"ஒரே நாளுண்ணே. காலையில வந்து மத்தியானம் திருப்பிருவேன். சேதாரமிருக்காது."

சந்திரவல்லிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அவுக பாக்க வர்றது இந்தப் பிள்ளைகளத்தான. இருக்கிறத இருக்கிறபடி காட்டிருவோம். மூணு மாசத்துக்கு முன்னால நிலவன் குவளைய எடுத்தா எறிவான். இப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்குறான். அதைச் சொல்லுவேன் நான்."

"குவளை அடுக்குறதப் பாத்து எவன் டீச்சர் மூணு வருசத்துக்குப் பணம் குடுப்பான்? இருக்கிறபடி காட்டுனவன் ஒருத்தன் போடியில மாடி வீடு கட்டியிருக்கானா, சொல்லுங்க."

"அவுக ஏலம் எடுக்கவா வர்றாக?"

"எடுக்க வாரவுக எல்லாம் ஒண்ணுதான். கை நெறைய வச்சுக்கிட்டு வருவாக, மனசே இல்லாத மாதிரி மொகத்த வச்சுப்பாக. நம்ம சரக்கு அவுக கைய நீட்ட வைக்கணும்."

காமராஜ் யோசித்தார். மையம் போனால் பட்டறை மறுபடி பெருச்சாளிக்குத்தான். கமிட்டித் தலைவர் என்ற பேரும் அதோடு போகும். "பேரு? நோட்டுல பேரு இருக்கே?"

"நோட்டுப் பேரச் சொல்லிக் குடுத்துருவோம். உங்க பேரன் அன்னைக்கு ஒருநாள் நிலவனா இருக்கட்டும்."

பேரம் படிந்தது. ஆளுக்கு ஒரு பெரிய சாக்லேட்டு, வேன் டிரைவருக்கு ஒரு பொய், நர்சரிக்குக் காய்ச்சல் என்று ஏழு போன். ஒரு நாளில் ஏழு தாய்மாரைச் சம்மதிக்க வைத்த ஜக்கையனுக்குச் சொந்தப் பெண்டாட்டியிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.

செல்லக்கிளி அடுப்படியில் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ஏலக்காய்க் கறை. எத்தனை சோப்புப் போட்டாலும் சோற்றில் அந்த வாசம் வரும். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் கழுவுகிற கை நிற்கவில்லை.

"அப்ப நம்ம பிள்ளை அன்னைக்கு எங்க இருப்பான்?"

"அனுப்பிரியா ஒருநா லீவு போட்டுட்டு ஏழு பேரையும் மலையடிவாரத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போயிருவா. சாப்பாடு கட்டிக் குடுத்துரலாம்."

"ஒளிச்சு வைக்கப் போற."

"ஒளிக்கல. தள்ளி வைக்கிறேன்."

"சல்லடையில கீழ விழுந்தவனா எம்புள்ள?" அவள் குரலை உயர்த்தவில்லை. கருவாட்டின் தலையைக் கிள்ளி எறிந்தாள். "ஊராமூட்டுப் பிள்ளைய உக்கார வச்சு இவந்தான் நிலவன்னு சொல்லுவ. அதையும் நீயே போய்ச் சொல்லுவ."

"அவனுக்கு வாயத் தொறந்தா நாலு வார்த்தைடி வருது. ஆத்தா, அக்கா, சோறு, ஜீப்பு. இத வச்சுக்கிட்டு நான் எப்பிடி அவுகள மடக்குறது? மையம் போச்சுன்னா அனுப்பிரியா படிப்பும் போச்சு. அதை யோசிச்சியா?"

 கழுவின கருவாட்டை அள்ளி, கொதிக்கிற குழம்பில் போட்டாள்.

"தப்புன்னு தெரியுது," என்றாள் கடைசியில். "என்ன தப்புன்னுதான் எனக்குச் சொல்லத் தெரியல. நீ வெவரமானவன். உன் இஷ்டம்."

ஜக்கையன் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. வந்தவள் கார்த்திகா என்ற ஒரு பெண், இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். பருத்திச் சுடிதார், கையில் டேப்லெட். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நேராகப் பாயில் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டாள். ஜக்கையன் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே, பட்டறைச் சுவரோடு சுவராக நின்றான். ஏல மண்டபத்திலும் அவன் நிற்கிற இடம் அதுதான். சாம்பிளைக் கொட்டிவிட்டு ஒதுங்கிச் சுவரோரம் நின்று, வாங்குகிறவன் முகத்தைப் பார்ப்பது.

முதலில் காமராஜின் பேரன்.

"உன் பேர் என்ன கண்ணா?"

"மை நேம் ஈஸ்..." பையன் சந்திரவல்லியைப் பார்த்தான். சந்திரவல்லி தரையைப் பார்த்தாள். "...நிலவன்."

"வெரி குட். இது என்ன நிறம்?"

"பர்ப்பிள்."

சந்திரவல்லிக்கு வேர்த்தது. மையத்தில் இருந்த படப் புத்தகத்தில் அந்த நிறமே கிடையாது. பையன் அத்தோடு நிற்கவில்லை. கட்டையைப் பத்து அடுக்கு அடுக்கினான், நூறு வரைக்கும் எண்ணினான். தராசில் ஏறி நின்றபோது முள் பதினெட்டு கிலோவுக்குப் போனது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய சறுக்குமரம் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தவனை ஆயா மிட்டாய் கொடுத்து அடைத்தாள்.

"அம்மா எங்கப்பா போயிருக்காங்க?"

"கார்ல ஆபீஸ் போயிருக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே இருந்து ஜக்கையன் தலையை நீட்டினான். "ஜீப்பு மேடம். மலைக்குப் போற ஜீப்பு. பிள்ளைக்கு நாலு சக்கரம் இருந்தா எல்லாம் காருதான்."

கார்த்திகா சிரித்தாள். "நீங்க?"

"நான்... அப்பா மேடம். நிலவனோட அப்பா."

சொல்லும்போது நாக்கு கொஞ்சம் இடறியது. தொழிலில் அப்படி இடறினதே இல்லை. தோப்பில் இந்நேரம் அந்த நாலு வார்த்தைக்காரன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தள்ளினான்.

கார்த்திகா ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தாள். கையைச் சுற்றி நாடா வைத்து அளந்தாள். டேப்லெட்டில் தட்டத் தட்ட அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. "எனக்கு ஆச்சரியமா இருக்கு டீச்சர். இவ்வளவு நல்லா வந்திருப்பாங்கன்னு நாங்க எதிர்பார்க்கவே இல்லை," என்றாள்.

அங்கேயே ஜக்கையனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நல்ல சரக்கைக் கண்டால் வாங்குகிறவன் முகத்தைச் சுளிப்பான். 'ஈரம் இருக்கே, நிறம் பத்தாதே' என்பான். வாய்விட்டுப் பாராட்டுகிறவன் வாங்க வந்தவன் இல்லை. இது சந்தையில் சாக்குத் தைக்கிறவனுக்கும் தெரிந்த பாடம். ஜக்கையன் அதைச் சின்னப் பெண்ணின் அனுபவக் குறைச்சல் என்று நினைத்து, மனசுக்குள் அவளுக்காக இரக்கப்பட்டான்.

சாயங்காலம் தோப்பிலிருந்து அனுப்பிரியா ஏழு பிள்ளைகளையும் வரிசையாகக் கை கோக்க வைத்துக் கூட்டி வந்தாள். ஒன்று கூட அழவில்லை. ஜீப்பை விட்டு இறங்கிய பெண்கள் அதைப் பார்த்து வாயில் கை வைத்தார்கள். "எம்புட்டுக் கெட்டிக்காரப் பிள்ளை. ஏழையும் ஒத்தையில மேச்சுட்டு வந்துருச்சே!"

ஆவணி நடுவில் தபால் வந்தது. கனமான உறை, கூடவே கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ். கமிட்டி முழுக்கப் பட்டறையில் கூடியிருந்தது. சந்திரவல்லி வாசித்தாள். முதல் தாள் முழுக்கப் பாராட்டு. பிள்ளைகளின் எடை, பேச்சு, எண்ணறிவு எல்லாம் வயதுக்கு மேலே இருக்கிறதாம். இந்த ஜில்லாவிலேயே இதுதான் முதல் மையமாம்.

"பாத்தியா?" காமராஜ் ஜக்கையன் முதுகில் தட்டினார். "அம்புட்டும் இவன் மூளை!"

யாரோ ஓடிப்போய்க் காராச்சேவும் மிக்சரும் வாங்கி வந்தார்கள். ஜக்கையன் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். சந்திரவல்லி இரண்டாவது தாளைத் திருப்பினாள். இரண்டு வரி வாசித்தவள் நிறுத்தினாள்.

"படிங்க டீச்சர்."

"இந்த மையம் தன் நோக்கத்தை நிறைவேற்றிவிட்ட காரணத்தால்," என்று அவள் வாசித்தாள், "வரும் புரட்டாசி முதல் வாரத்தோடு எங்கள் உதவியை இங்கே நிறைவு செய்து, இதைவிட அதிகத் தேவையுள்ள பிள்ளைகள் இருக்கும் இன்னொரு மலையடிவாரக் கிராமத்துக்குக் கொண்டுபோகிறோம். ஊர் மக்களுக்கு வாழ்த்துக்கள்."

காராச்சேவு மெல்லுகிற சத்தம் ஒவ்வொரு வாயாக நின்றது.

"இதைவிடத் தேவையுள்ள பிள்ளைகன்னா?" என்று கேட்டார் காமராஜ்.

"எடையில்லாத பிள்ளைகண்ணே," என்றாள் சந்திரவல்லி. "பேச்சு வராத பிள்ளைக. ஆளக் கண்டா பாய்க்கு அடியில போற பிள்ளைக."

யாரும் ஜக்கையனைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. வந்தவள் தேடி வந்ததே கழிவைத்தான். கழிவு வாங்க வந்தவளுக்கு முன்னால் எட்டு மில்லியைக் கொட்டி, அவளை வாயார வாழ்த்த வைத்து, வெறுங்கையோடு அனுப்பிவிட்டான். வாங்குகிறவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே சாம்பிள் எடுத்தது பதினாறு வருஷத்தில் இது ஒன்றுதான்.

மறுநாளே பஸ் ஏறித் தேனிக்குப் போனான். பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் டிரஸ்டு ஆபீஸ். கார்த்திகா அடையாளம் கண்டு எழுந்து நின்றாள்.

"வாங்க சார், நிலவனோட அப்பாதானே? நிலவன் எப்படி இருக்கான்?"

அந்தக் கேள்வியிலேயே பாதி ஆள் ஆகிப்போனான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். இரவல் பிள்ளை, நர்சரி, தோப்பு, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க?"

"நல்லதக் காட்டுனாத்தான மேடம் குடுப்பாக? எங்க ஊருல அப்பிடித்தான்."

"நாங்க அதுக்கு நேர்மாறு சார். நீங்க உங்க பையனை அப்படியே உட்கார வச்சிருந்தா, உங்க மையம்தான் பட்டியல்ல முதல்ல நின்னிருக்கும்."

ஜக்கையன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்தான். பேரம் என்று வந்துவிட்டால் அவனுக்கு மூச்சு திரும்பிவிடும்.

"சரி மேடம். நடந்தது நடந்துருச்சு. இப்ப பெசகில்லாமப் பேசுவோம். நாளைக்கே வாங்க. நெசப் பிள்ளைகளக் காட்டுறேன். ஒண்ணொண்ணும் எலும்பும் தோலுமா, வாயத் தொறக்காது. நீங்க கேக்கிற மாதிரியே இருக்கும்."

"அப்படியெல்லாம் மறுபடி பார்க்க முடியாது சார். கணக்கு மேல போயிருச்சு."

"மூணு வருசம் வேண்டாம். ஒரு வருசம்."

"சார்..."

"ஆறு மாசம். பொம்மையெல்லாம் எடுத்துக்குங்க, பாயும் வேண்டாம். டீச்சர் சம்பளம் மட்டும். விடியக்காலத் தொறப்பு மட்டும்."

"நான் முடிவெடுக்கிற ஆள் இல்லை சார்."

"முடிவெடுக்கிற ஆளுகிட்டக் கொண்டுபோய் விடுங்க. நான் பேசுறேன்."

"அவங்க பெங்களூர்ல இருக்காங்க. அவங்களும் தனியா முடிவெடுக்க மாட்டாங்க, ஒரு கூட்டம் போடணும்." அவள் டேப்லெட்டை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இப்ப நீங்க சொன்னதை நான் எழுதினா, இதோ இந்தக் கட்டத்துல எழுதணும். மையம் பொய்யான பிள்ளைகளைக் காட்டினதுன்னு. அப்படி எழுதினா முதல்ல சந்திரவல்லி டீச்சர் பேர் கெடும். வேற எங்கயும் அவங்களுக்கு வேலை கிடைக்காது. உங்க ஊருக்குப் பிறகு எந்தக் காலத்துலயும் வர முடியாது. எழுதாம விட்டா, மையம் நல்லா முடிஞ்சதாப் போகும். அடுத்த சித்திரையில புதுசா விண்ணப்பம் போடலாம். எல்லாம் ஒத்துவந்தா அதுக்கடுத்த வருஷம் ஆனியில திறக்கும்."

"அதுக்கடுத்த வருசம் ஆனியா? கிட்டத்தட்ட ரெண்டு வருசமா மேடம்?"

"ஆமா."

"அப்ப எம்பையன் அஞ்சு வயசத் தாண்டி ஒண்ணாங்கிளாஸ் போயிருவான். எம்மக எட்டாம் வகுப்புல இருக்கணும்."

கார்த்திகா டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நல்ல பெண். அவள் கண் கலங்கியிருந்ததுகூட அவனுக்குத் தெரிந்தது. எதிராளி கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு வரலாம், முறைத்துவிட்டு வரலாம், கடையை மாற்றலாம். கலங்கின கண்ணோடு எப்படிப் பேரம் பேசுவது? பதினாறு வருஷத்தில் அவன் விலை படியாமல் இறங்கி வந்த மாடிப்படி அது ஒன்றுதான். "நான் சொன்னத எழுத வேண்டாம் மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை வேன் வந்து கட்டையும் புத்தகமும் ஏற்றிக்கொண்டு போயிற்று. சான்றிதழை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். சந்திரவல்லி உத்தமபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குச் சேர்ந்தாள். கமிட்டியும் கலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூன்று பேரும் சுற்றிச் சுற்றி அதையே பேசினார்கள். காய் எடுப்பு உச்சத்தில் இருக்கிறபோது செல்லக்கிளி சீட்டை விட முடியாது. கடையில் லாட்டு குவிந்து கிடக்கிற மாதம், ஜக்கையனையும் விடமாட்டார்கள். பிள்ளையை மலைக்குக் கொண்டுபோகலாம் என்றால், தோட்டத்தில் மருந்தடிப்பு நடக்கிறது, கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள்.

"ரெண்டு நாளைக்கு நான் இருக்கேன்ப்பா," என்றாள் அனுப்பிரியா.

அந்த ரெண்டு நாளை யாரும் மறுக்கவில்லை. மறுக்காததுதான் பிசகு. செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக்காரி, "தோப்புல ஏழு பிள்ளைய மேச்சவ, எம்புள்ள ஒண்ணு கூடவா பாரம்?" என்று ஒன்றை விட்டுவிட்டுப் போனாள். புதன்கிழமை ரெண்டு. அடுத்த வாரம் ஆறு. காமராஜ் அண்ணன் பெருந்தன்மையாகப் பட்டறைச் சாவியை அனுப்பி வைத்தார். "சும்மாதான் கெடக்கு, பிள்ளை பொழங்கிக்கிறட்டும்" என்றார். ஊருக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஜீப்பில் பெண்கள் செல்லக்கிளியிடம் சொன்னார்கள்: "ஒம்மவளுக்கு என்ன ராசிக் கை! அழுத பிள்ளை அடங்கிருது. டீச்சரம்மாவே தோத்துருவா."

செல்லக்கிளி கொங்காணியை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். சாயங்காலம் வந்ததும் மகளுடைய தலையை அவிழ்த்துச் சீவிவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜக்கையன் எழுந்து வெளியே போய்விடுவான்.

மூன்றாவது திங்கட்கிழமை. மலைப்பக்கம் மேகம் இறங்கி, ஊசி ஊசியாகச் சாரல். ஐந்து மணிக்கு ஜக்கையன் பல் துலக்கிக்கொண்டே பட்டறைப் பக்கம் போனான். வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒன்பது பிள்ளைகள். அனுப்பிரியா ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய நோட்டில் பேரெழுதி டிக் அடித்துக்கொண்டிருந்தாள். சந்திரவல்லி அப்படித்தான் செய்வாள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"சின்ன டீச்சர், இவனுக்கு மூக்கு ஒழுகுது, பாத்துக்க ஆத்தா," என்று ஒருத்தி பிள்ளையை நீட்டினாள். அனுப்பிரியா அதையும் வாங்கினாள்.

"என்ன பரிச்சை இன்னைக்கு?" என்று கேட்டான் ஜக்கையன்.

அவள் நிமிர்ந்தாள். "என்னப்பா?"

"காலாண்டுப் பரிச்சை ஆரம்பிக்குதுன்னு உங்க கிளாஸ் டீச்சர் நேத்து போன் பண்ணுச்சு. இன்னைக்கு என்ன பரிச்சை?"

"தமிழு."

"யூனிபாரத்த மாட்டு."

பெண்கள் திரும்பி அவனைப் பார்த்தார்கள். செல்லக்கிளி வரிசைக்குப் பின்னால், தூக்குவாளியோடு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப எங்க பிள்ளைக?" என்றாள் மூக்கொழுகியின் தாய்.

"நான் இருக்கேன்."

 எல்லாரும் சிரித்தார்கள்.

"யோவ், ஏலக்காயத் தவிர எதையாச்சும் கையில தூக்கியிருக்கியா?"

"கால் கழுவி விடுவியா?"

"கழுவுவேன்."

"இது கடிக்கும்யா."

"கடிக்கட்டும்."

"கடைக்கு என்ன சொல்லுவ?" என்று கேட்டவள் செல்லக்கிளி. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"காய்ச்சல்னு சொல்லுவேன். ஏழு பேருக்குச் சொன்னவன் எனக்குச் சொல்லிக்க மாட்டனா?"

பால்ராஜ் ஹாரனை அமுக்கினான். "ஏ ஆத்தாமாரே, வெரசா ஏறுங்க! செக்போஸ்ட்டுல லோடு லாரி நிக்குதாம்!" பெண்கள் பிள்ளைகளைக் கீழே விட்டுவிட்டு ஓடினார்கள். செல்லக்கிளி ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா என்று சாக்குக்குள் சரியாகத் தெரியவில்லை. ஜீப்பு புகையைக் கக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. நிலவன் மட்டும் அழவில்லை. பாய்க்கு அடியில் போன பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

ஏழே முக்காலுக்கு அனுப்பிரியா யூனிபாரத்தில் வந்து நின்றாள். மூன்று வாரத்தில் பாவாடை கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அதற்குள் ஜக்கையன் சட்டையில் பால், கையில் ஒரு பல் தடம். பையில் போன் நாலாவது தடவையாக அடித்துக்கொண்டிருந்தது, கடை முதலாளி.

"பிள்ளைக சோத்துல உப்புப் போடாதீக. வெள்ளச்சட்டைக்காரன் தூங்குறப்ப காதப் பிடிச்சுக்கிருவான், விட்டுருங்க. இவளுக்கு ஒண்ணுக்கு வந்தா சொல்லத் தெரியாது, மொகத்தப் பாத்துக்கிறணும்," என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லி முடித்தும் போகாமல் நின்றாள்.

"நாளைக்குக் கணக்குப் பரிச்சைப்பா."

"உம்."

"நாளைக்கும் போகலாமா?"

ஜக்கையன் ரோட்டைப் பார்த்தான். பஸ் இன்னும் வரவில்லை. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சாரல்தான் இருந்தது.

"பஸ்சு வந்துரும்," என்றான். "ஓடு."